‘கிவ் அவே’ என்றால் காட்டிக்கொடுப்பதா, சொல்லிவிடுவதா?

கேள்வி

வணக்கம். ஓராண்டாக ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழில் பெயர்த்துப் பழகி வருகிறேன். ஒற்றைச் சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. எளிய வினையோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘அவே’, ‘ஆன்’, ‘அவுட்’ போன்ற சின்னச் சொற்கள்தான் என்னைத் தடுமாற வைக்கின்றன. இப்போது கையில் இருக்கும் கதையிலும் அப்படித்தான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

ஒரு பெண்ணை விசாரிக்கிறார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் நிதானமாகப் பதில் சொல்கிறாள். குரலில் பிசிறு இல்லை, முகத்தில் கலக்கம் இல்லை. ஆனால் குடித்து முடித்த கோப்பையைத் தட்டில் திரும்ப வைக்கும்போது, அது தட்டில் பட்டு இரண்டு மூன்று முறை ‘கிண், கிண்’ என்று ஒலித்துவிட்டுத்தான் அமர்கிறது. அடுத்த வரி: ‘ஒன்லி ஹெர் ஹாண்ட்ஸ் கேவ் ஹெர் அவே.’ இதை முதலில் ‘அவளுடைய கைகள் மட்டுமே அவளைக் கொடுத்துவிட்டன’ என்று எழுதினேன். எழுதிய எனக்கே பொருள் விளங்கவில்லை. அகராதியைப் புரட்டினால் தானமாகக் கொடுத்தல், பரிசாக வழங்குதல், திருமணத்தில் மணமகளை ஒப்படைத்தல், ரகசியத்தை வெளிப்படுத்துதல், காட்டிக்கொடுத்தல் என்று ஐந்து பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘அவளுடைய கைகள் மட்டுமே அவளுடைய ரகசியத்தை வெளிப்படுத்தின’ என்று மாற்றினேன். பிழை இல்லை என்றாலும் வாக்கியத்தில் உயிர் இல்லை. அந்தக் கோப்பையின் ஒலி அதில் கேட்கவே இல்லை.

அதே கதையில் சில பக்கங்கள் தள்ளி, அவளுடைய தங்கை ‘ஐ டிட்ன்ட் கிவ் எனிதிங் அவே’ என்கிறாள்; அதற்கு அக்காள் ‘டோன்ட் லெட் ஆன் தட் யூ நோ’ என்று எச்சரிக்கிறாள். ‘லெட்’ என்றால் ‘அனுமதி’ என்று மட்டுமே அறிந்திருந்த நான், அந்த இரண்டாவது வாக்கியத்தை முற்றிலும் தவறாகப் பெயர்த்துவிட்டேன். ‘கிவ் அவே’, ‘லெட் ஆன்’ இரண்டும் ஒரே பொருள் உடையவையா? ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் எழுதிய ஓர் ஆங்கிலக் கடிதத்தில் ‘ப்ளீஸ் டோன்ட் கிவ் அவே இட்’ என்று இருந்ததை ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையால் அடித்து, ‘கிவ் இட் அவே’ என்று திருத்தினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

உங்கள் தடுமாற்றம் புதியது அன்று. 1755இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தருகிறது என்று எழுதியிருக்கிறார். ஆனால் தமிழராகிய நமக்கு இது அத்தனை அயலான வழக்கம் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பொருள். அகராதி தரும் ஐந்து பொருள்களுக்கும் அடியில் இருப்பது ஒரே படிமம்தான்: கைக்குள் இருந்தது கையை விட்டுப் போய்விடுகிறது. பொருளாக இருந்தால் அது தானம். ரகசியமாக இருந்தால் அது வெளிப்பாடு. ரகசியத்தைக் குறிக்கும் இந்தப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கிலிருந்து பரவியது. கையை விட்டுப் போனது தானாக நழுவியதா, வேண்டுமென்றே விடப்பட்டதா என்பதை ‘கிவ் அவே’ சொல்வதில்லை. அதைச் சூழலே சொல்ல வேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் நின்று, செயப்படுபொருளாக இருப்பது ஆளா, செய்தியா என்று பார்க்க வேண்டும். தமிழ் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது, ஆங்கிலம் பிரிவதில்லை.

ஆள் என்றால் தமிழில் ‘காட்டிக்கொடு’ என்ற சொல் ஆயத்தமாகக் காத்திருக்கிறது. ‘ஒளிந்திருந்தவனை இருமல் காட்டிக்கொடுத்துவிட்டது’ என்று நாம் யோசிக்காமலே சொல்கிறோம். செய்தி என்றால் அந்தச் சொல் பொருந்தாது. ‘ஷி கேவ் அவே த சீக்ரெட்’ என்பதை ‘அவள் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தாள்’ என்று எழுதினால் காதில் உறுத்தும். ‘சொல்லிவிட்டாள்’, ‘வெளியே விட்டுவிட்டாள்’, ‘போட்டு உடைத்துவிட்டாள்’ என்றுதான் நாம் சொல்வோம். துப்பறியும் கதையின் முடிவை முன்னுரை எழுதியவரே கூறிவிட்டால் ஆங்கிலத்தில் ‘த இன்ட்ரொடக்ஷன் கிவ்ஸ் அவே த எண்டிங்’ என்பார்கள். தமிழில் ‘முன்னுரையே முடிவைச் சொல்லிவிடுகிறது’ என்றால் போதும், வேறு அலங்காரம் வேண்டாம்.

‘காட்டிக்கொடு’ என்பதைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். ‘எழுதிக்கொடு’, ‘வாங்கிக்கொடு’, ‘சொல்லிக்கொடு’ என்னும்போது ‘கொடு’ என்ற துணைவினை, அந்தச் செயல் வேறொருவர் பயனுக்காக நடக்கிறது என்பதைக் காட்டுகிறது. ‘காட்டிக்கொடு’ என்பதிலும் அதே வேலையைத்தான் அது செய்கிறது. ஆனால் இங்கே பயன் அடைபவர், ஒளிந்திருப்பவரைத் தேடி வந்தவர். ஆங்கிலத்தில் ‘அவே’ என்ற சிறு சொல் ‘கிவ்’ என்பதன் பொருளைத் திருப்பிவிடுவதுபோல, தமிழில் ‘கொடு’ என்ற துணைவினை ‘காட்டு’ என்பதன் பொருளைத் திருப்பிவிடுகிறது. இரு மொழிகளும் தனித்தனி வழியில் போய், கொடுத்தல் என்ற ஒரே கருத்தில் வந்து சந்தித்திருக்கின்றன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் வியப்புக் குறைவதில்லை.

இனி உங்கள் வாக்கியம். அங்கே எழுவாய் கைகள், மறைக்கப்பட்டது அவளுடைய உள்நடுக்கம், செயப்படுபொருள் அவளே. ஆகவே ‘காட்டிக்கொடு’ மிகச் சரியாகப் பொருந்தும்: ‘கைகள்தாம் அவளைக் காட்டிக்கொடுத்தன.’ உடலே மனத்தை வெளிப்படுத்திவிடும் என்ற எண்ணம் நமக்கு மிகப் பழையது. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்’ என்று வள்ளுவர் குறிப்பறிதலில் பாடியபோது ‘காட்டும்’ என்ற அதே வினையைத்தான் பயன்படுத்தினார். தமிழ் வாசகர் அந்த வரியை அயல்மொழி வரியாக உணர மாட்டார்.

‘ஐ டிட்ன்ட் கிவ் எனிதிங் அவே’ என்பதில் செயப்படுபொருள் செய்தி. ‘நான் எதையும் சொல்லிவிடவில்லை’ என்பது நேரான பெயர்ப்பு. அவள் மற்றவர்கள் துருவித் துருவிக் கேட்டும் நழுவி வந்தாள் என்பது சூழலானால், ‘நான் பிடிகொடுக்கவே இல்லை’ என்பது இன்னும் அழகாக இருக்கும். இங்கும் ‘கொடு’ வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

சிவப்பு மை விழுந்த காரணம் இதுதான். ‘கிவ் அவே’ பிரியக்கூடிய கூட்டு. பெயர்ச்சொல் வந்தால் ‘கிவ் த சீக்ரெட் அவே’, ‘கிவ் அவே த சீக்ரெட்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் அமர வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தி கடைசியில் வந்து அழுத்தம் பெறுவது இயல்பு. ‘இட்’ என்பது இருவருக்கும் முன்பே தெரிந்த ஒன்றைச் சுட்டும் இலேசான சொல் என்பதால், அதற்குக் கடைசி இடம் கிடைப்பதில்லை. இதே காரணத்தால், செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் அதை நடுவில் திணிக்காமல் ‘அவே’க்குப் பின்னால் வைப்பார்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவர் ‘லெட் ஆன்’ பற்றிச் சொல்லாமல் விட்டதால் அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ‘கொடு’ பற்றிய அவருடைய விளக்கத்தை வாசித்தபோதே, ‘லெட் ஆன்’ என்பதற்கான விடையும் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது: ‘கிவ் அவே’ காட்டிக்கொடுப்பது என்றால், ‘லெட் ஆன்’ காட்டிக்கொள்வது.

‘கொள்’ என்ற துணைவினை செயலைச் செய்பவரிடமே திருப்பும். ‘தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே’ என்னும்போது, உனக்குத் தெரியும் என்ற செய்தியை உன் சொல்லாலோ முகத்தாலோ நடத்தையாலோ வெளியே கசியவிடாதே என்கிறோம். ‘டோன்ட் லெட் ஆன் தட் யூ நோ’ என்பதும் அணுப் பிசகாமல் அதையேதான் சொல்கிறது. இங்கே மறைக்கப்படுவது பெரும்பாலும் வெளியுலகச் செய்தியாக இருப்பதில்லை. அச்செய்தி எனக்குத் தெரியும் என்பது, அல்லது நான் உள்ளுக்குள் இப்படி உணர்கிறேன் என்பது. ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, ஆனாலும் வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ‘ஹி வாஸ் இன் பெயின், பட் ஹி நெவர் லெட் ஆன்’. தமிழில் ‘வலி இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவே இல்லை’. இந்த இடத்தில் ‘கிவ் அவே’ வராது.

இந்த இணை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ‘லெட் ஆன்’ என்பதற்கு, அரிதாக வந்தாலும், ‘பாசாங்கு செய்தல்’ என்ற மற்றொரு பொருளும் இருக்கிறது. ‘ஹி லெட் ஆன் தட் ஹி வாஸ் இல்’ என்பது சில இடங்களில் ‘நோயாளிபோல் நடித்தான்’ என்று பொருள்படும். தமிழில் ‘எல்லாம் தெரிந்தவன்போல் காட்டிக்கொண்டான்’ என்றால் என்ன பொருள்? அதேதான். உள்ளதை வெளியிடுவதும் இல்லாததை வெளியிடுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பது இரு மொழிகளிலும் நிகழ்ந்திருக்கிறது. எப்பொருள் என்பது ஐயமாக இருந்தால், எதிர்மறையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மறைத்தலைக் குறிக்கும் ‘லெட் ஆன்’ பெரும்பாலும் ‘டிட்ன்ட்’, ‘டோன்ட்’, ‘நெவர்’ ஆகியவற்றோடுதான் வரும்.

இலக்கணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. ‘லெட் ஆன்’ நேரடியாகச் செயப்படுபொருள் ஏற்காது. ‘லெட் இட் ஆன்’ என்றோ ‘லெட் ஆன் த சீக்ரெட்’ என்றோ எழுதக்கூடாது. ‘லெட் ஆன் தட்’ என்று ஒரு முழு வாக்கியத்தைத் தொடரவிடலாம், ‘லெட் ஆன் அபவுட்’ என்று பொருளைச் சுட்டலாம், ‘லெட் ஆன் டு எனிவன்’ என்று கேட்பவரைச் சுட்டலாம். ‘லெட்’ என்பதற்கு இறந்தகால வடிவமும் ‘லெட்’ என்பதே ஆகையால், ‘ஹி லெட் ஆன்’ என்று ‘எஸ்’ இல்லாமல் கண்டால் அது நடந்து முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

இரண்டு சொற்களையும் ஒரே நிகழ்வில் காட்ட எனக்குத் தெரிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் விவகாரம். 1970களின் தொடக்கத்தில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழின் செய்தியாளர்களுக்கு மறைவாகத் தகவல் தந்தவர் யார் என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியே தெரியாமல் இருந்தது. 2005இல், அந்நாளில் எஃப்.பி.ஐ.யின் உயர் அதிகாரியாக இருந்த மார்க் ஃபெல்ட், அந்த மனிதர் தாமே என்று வெளிப்படுத்தினார். அத்தனை ஆண்டுகளும் செய்தியாளர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை: ‘தே நெவர் கேவ் ஹிம் அவே’. அவரும் கேட்டவர்களிடம் மறுத்தாரே ஒழிய, காட்டிக்கொள்ளவில்லை: ‘ஹி நெவர் லெட் ஆன்’. இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றிப் போட்டால் பொருள் குலைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘காட்டிக்கொடு’, ‘காட்டிக்கொள்’ என்ற இரண்டையும் வாழ்நாள் முழுவதும் பேசியிருக்கிறேன். அவற்றை ஆங்கிலத்தோடு பொருத்திப் பார்க்கத் தோன்றியதே இல்லை. அக்காளின் எச்சரிக்கையை ‘உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே’ என்று மாற்றிவிட்டேன்.

கதையின் இறுதியில் மட்டும் ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. கூட்டாளிகளில் ஒருவன் மற்றவர்களின் பெயர்களைக் காவலர்களிடம் சொல்லிவிடுகிறான். அதைக் கதாசிரியர் ‘ஹி கேவ் தெம் அவே’ என்று எழுதவில்லை. ‘ஹி ராட்டட் தெம் அவுட்’ என்று எழுதியிருக்கிறார். இதற்கும் ‘காட்டிக்கொடுத்தான்’ என்றே போட்டால், முன்பு கைகளுக்குப் பயன்படுத்திய அதே சொல் வந்து, இரண்டும் ஒரே எடை உடையவை என்ற எண்ணம் உண்டாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

மூன்றாம் மறுமொழி

உங்கள் அச்சம் நியாயமானது. ‘காட்டிக்கொடு’ என்பதன் எடை எழுவாயைப் பொறுத்து ஏறும், இறங்கும். எழுவாய் கையோ குரலோ இருமலோ ஆனால் அதில் பழி ஏதும் இல்லை. எழுவாய் மனிதன் ஆனால், அதுவும் அவன் அறிந்தே செய்தான் ஆனால், தமிழில் அதைவிடக் கனமான பழிச்சொல் அரிது. ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அவன் துரோகி என்பது முடிந்த தீர்ப்பு. ஆங்கிலத்தின் ‘கிவ் அவே’ அந்த அளவுக்குக் கனப்பதில்லை. அது அறியாமல் நிகழ்ந்ததையும் குறிக்கும் என்பதால், ‘ஹி கேவ் அஸ் அவே’ என்பதை வாசித்தவுடன் ‘எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான்’ என்று எழுதுவது ஒரு நல்லவன்மீது வீண்பழி சுமத்துவதாக முடியலாம். கூட்டத்தில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்ததால் எல்லாரும் பிடிபட்டார்கள் என்றால், ‘அவன் சிரிப்பு எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது’ என்று பழியைச் சிரிப்பின்மேல் ஏற்றுவதே நேர்மையான பெயர்ப்பு.

முதல் மறுமொழி எழுதியவரோடு எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. செய்தி செயப்படுபொருளானால் ‘காட்டிக்கொடு’ பொருந்தவே பொருந்தாது என்று அவர் வரைந்த கோடு அவ்வளவு அழுத்தமானது அன்று என்று நினைக்கிறேன். ‘ஒளித்து வைத்த இடத்தைக் காட்டிக்கொடுத்தான்’ என்று நாம் சொல்வதுண்டு. இடம் ஆள் இல்லை. ஆனால் அதைச் சுட்டிக் காட்ட முடியும். கையால் சுட்ட முடியாத ரகசியம், திட்டம், முடிவு ஆகியவைதாம் ‘காட்டிக்கொடு’ என்பதோடு ஒட்டாமல் நிற்கின்றன. ஆளா, செய்தியா என்பதைவிட, சுட்டிக் காட்டக்கூடியதா இல்லையா என்று கேட்பதே சரியாக இருக்கும்.

இப்போது ‘ராட் அவுட்’. ‘ராட்’ என்பது எலி. உடன் இருந்தவர்களைக் கைவிட்டு ஓடுபவனை எலி என்று இகழ்வது ஆங்கிலத்தில் நெடுநாளைய வழக்கம். அந்த இகழ்ச்சி முழுவதும் இந்த வினைக்குள் இருக்கிறது. இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. பேச்சுவழக்கு, அதிலும் குற்றவாளிகளும் சிறைப்பட்டவர்களும் பேசுவதாக எழுதப்படும் வழக்கு. அமெரிக்க ஆங்கிலத்தில் மிகுதி. பிரித்தானியர் அதே இடத்தில் ‘கிராஸ் அப்’ என்பார்கள். தமிழில் இந்த எடையும் இந்த மண்வாசனையும் ஒருசேரக் கிடைப்பது ‘போட்டுக்கொடு’ என்பதில்தான். ‘அவன் போட்டுக்கொடுத்துட்டான்’ என்னும்போது, சொன்னவன்மீது உள்ள வெறுப்பும், சொல்பவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதும் சேர்ந்தே கேட்கின்றன. ஆகவே உங்கள் கதைசொல்லி அந்தக் கூட்டாளிகளில் ஒருவனானால் தயங்காமல் ‘போட்டுக்கொடுத்தான்’ என்று எழுதுங்கள். வெளியில் நின்று விலகிச் சொல்லும் குரலானால், ‘பெயர்களைச் சொல்லி அவர்களைச் சிக்கவைத்தான்’ என்பது ஏற்கும்.

இதற்கு அண்டையில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ‘டெல் ஆன்’ என்பது குழந்தைகளின் சொல். ‘ஐ வில் டெல் ஆன் யூ’ என்று ஒரு குழந்தை மற்றொன்றை மிரட்டும். அங்கே ‘காட்டிக்கொடுப்பேன்’ என்று எழுதுவது யானையைக் கட்டும் சங்கிலியால் ஆட்டுக்குட்டியைக் கட்டுவது போன்றது. ‘இரு, அம்மாகிட்ட சொல்றேன்’ என்பதில் அது முழுமையாக வந்துவிடுகிறது. மற்றொன்று ‘ப்ளோ த விசில் ஆன்’. இது மரபுத்தொடர், ஆனால் பொருள் பக்கத்தில் இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே அதன் முறைகேட்டைப் பொதுநலனுக்காக வெளியிடுவது இது. 1970களின் தொடக்கத்தில் நுகர்வோர் உரிமைகளுக்காகப் போராடிய ரால்ஃப் நேடர், இகழ்ச்சியாக வழங்கிய சொற்களிலிருந்து இதைப் பிரித்து மதிப்புக்குரிய சொல்லாக நிலைநாட்ட முயன்றார். இதைக் ‘காட்டிக்கொடுத்தார்’ என்று பெயர்ப்பது பெரும் அநீதி. ‘அம்பலப்படுத்தினார்’ என்பதே தகும். அம்பலம் என்பது ஊர் கூடும் பொதுவெளி. மறைவில் நடந்ததை எல்லாரும் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே அமைந்திருக்கிறது. நடந்த செயல் ஒன்றே ஆனாலும், எந்த வினையைத் தேர்கிறோமோ அதை வைத்தே ஒருவரைத் துரோகியாகவோ துணிந்தவராகவோ வாசகர் முன் நிறுத்துகிறோம். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பவர் கை மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நான்காம் மறுமொழி

ஒலியழுத்தம் பற்றி ஒரு குறிப்பு மட்டும். ‘கிவ் அவே’, ‘லெட் ஆன்’ ஆகிய வினைகளில் அழுத்தம் பின்னால் உள்ள சிறு சொல்லின்மேல் விழும். இதே ‘கிவ் அவே’ ஒட்டி நின்று பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முன்னால் ‘கிவ்’ என்பதற்கு வந்துவிடும். ‘எ டெட் கிவ்அவே’ என்று அடிக்கடி கேட்பீர்கள். மறைக்க முடியாதபடி உண்மையைச் சொல்லிவிடும் அடையாளம் என்பது அதன் பொருள். ‘டெட்’ என்பதற்கு இங்கே இறப்போடு தொடர்பில்லை, ‘முற்றிலும்’ என்று கொள்ள வேண்டும். தமிழில் இதைப் பெயர்ச்சொல்லாகவே வைத்திருக்க முயன்றால் ‘உறுதியான வெளிப்படுத்தும் அடையாளம்’ என்பதுபோல் ஏதாவது வந்து சேரும். வினையாக்கிவிட்டால் தொல்லை இல்லை: ‘ஹிஸ் ஷூஸ் வேர் எ டெட் கிவ்அவே’ என்பது ‘அவன் காலணிகளே அவன் யாரென்று சொல்லிவிட்டன’ என்று ஆகும்.

முதல் மறுமொழி எழுதியவர்

மூன்றாம் மறுமொழியில் சொல்லப்பட்ட திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். சுட்டிக் காட்டக்கூடியதா என்பதே சரியான கேள்வி. ‘காட்டு’ என்ற முதல் வினை தன் பொருளை இன்னும் இழக்காமல் இருப்பதால்தான் அப்படி நடக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

ஒரு சொல் சேர்க்கிறேன். வாய்தவறி வெளிவந்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல ஆங்கிலத்துக்கு ‘லெட் ஸ்லிப்’ என்ற தொடரும், அடக்க மாட்டாமல் வெடித்து வந்தது என்பதற்கு ‘பிளர்ட் அவுட்’ என்பதும் உண்டு. முன்னதற்குப் ‘பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள்’, பின்னதற்குப் ‘படக்கென்று போட்டு உடைத்தாள்’ என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலம் சிறு சொல்லையோ வேறு வினையையோ கொண்டு காட்டும் தற்செயலைத் தமிழில் ‘விடு’ என்ற துணைவினையே பெரும்பாலும் சுமக்கிறது. ‘சொன்னாள்’ என்றால் வெறும் செயல். ‘சொல்லிவிட்டாள்’ என்றால் இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் சேர்ந்துவிடுகிறது.

‘கேட் அவுட் ஆஃப் த பேக்’ பற்றியும் யாராவது கேட்கக்கூடும். 1760லேயே ஆங்கிலத்தில் அச்சேறிய மரபுத்தொடர் அது. நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்று நெடுங்காலமாக வழங்கி, இன்று இரவல் என்றே தோன்றாத அளவுக்கு நிலைத்துவிட்டது. ஆனாலும் ‘குட்டு வெளிப்பட்டது’, ‘சாயம் வெளுத்தது’, ‘வண்டவாளம் தண்டவாளம் ஏறியது’ என்று நம்மிடமே இத்தனை இருக்கும்போது, கதையில் பூனை இல்லாத இடத்தில் அதைக் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை என்பது என் விருப்பம்.

கேள்வி கேட்டவர்

நான்கு இடங்களையும் திருத்தி எழுதிவிட்டேன். கதைசொல்லி கூட்டாளிகளில் ஒருவனே என்பதால் இறுதியில் ‘போட்டுக்கொடுத்தான்’ என்பதையே வைத்தேன். தங்கை சொல்வது ‘நான் பிடிகொடுக்கவே இல்லை’ என்றும், அக்காள் சொல்வது ‘உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே’ என்றும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டையும் உரக்க வாசித்துப் பார்த்தபோது இரு சகோதரிகள் உண்மையாகவே பேசிக்கொள்வதுபோல் இருந்தது.

விசாரணைக் காட்சி இப்போது இப்படி இருக்கிறது: ‘குரல் நடுங்கவில்லை. முகமும் மாறவில்லை. கோப்பையைத் தட்டில் வைத்தாள்; அது இரண்டு மூன்று முறை கிண் கிண்ணென்று ஒலித்து அடங்கியது. அவளுடைய கைகள் மட்டுமே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டன.’

மூன்றாம் மறுமொழி எழுதியவர்

மிக நன்றாக வந்திருக்கிறது. கடைசி வாக்கியத்தில் மட்டும் ‘அவளுடைய’ என்பதையும் ‘மட்டுமே’ என்பதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். குரலும் முகமும் ஒத்துழைத்தன என்று முன்பே சொல்லிவிட்டதால் ‘மட்டுமே’ செய்ய வேண்டிய வேலையை ‘தாம்’ என்ற இடைச்சொல்லே செய்துவிடும்: ‘கைகள்தாம் காட்டிக்கொடுத்துவிட்டன.’